ஒன்பது பிரதக்ஷிணம்

3-12-1973, திங்கள்

சர்க்கரை வியாதியேதான். டாக்டர் பாக்கியநாதன் ரிசல்ட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மாத்திரை பாதி, நடை பாதி. தினம் அரை மணி, நிக்காம நடக்கணும். ரெண்டு மாசம் பார்ப்போம். குறையலைன்னா தினம் காலையில ஊசி. வீட்ல யார் போடுவாங்க?"

அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. தம்பி கிருஷ்ணஸ்வாமி டில்லியில். வீட்டில் மிச்சம் நான் மட்டும்தான். எனக்கு ஊசி என்றாலே கை கால் ஓடாது.

5-12-1973

எங்கே நடப்பது? நாற்பத்து மூன்று வயதில், கல்யாணமாகாத சயன்ஸ் டீச்சர், கையில் பையோ குடமோ இல்லாமல் ரோட்டில் போனால் திருவள்ளூர் தாங்காது. தேரடி தாண்டுவதற்குள் நாலு பேர் "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டாயிற்று. எங்கேயும் இல்லை, சும்மா நடக்கிறேன் என்றால் நின்று மேலும் கீழும் பார்க்கிறார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

6-12-1973

பெருமாள் கோயில் இருக்கவே இருக்கிறது. வெளிப் பிராகாரம் ஒரு சுற்று மூன்றரை நிமிஷம். ஒன்பது சுற்று என்றால் அரை மணிக்குக் கொஞ்சம் மேலேயே. அங்கே எத்தனை தடவை சுற்றினாலும் எங்கே என்று யாரும் கேட்கப்போவதில்லை. எண்ணிக்கை தப்பாமலிருக்க ஒன்பது புளியங்கொட்டை. சுற்றுக்கு ஒன்றாகக் கொடிமரத்தடியில் வைக்கிறேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

17-12-1973

மார்கழி பிறந்துவிட்டது. நாலரைக்கு எழுந்து குளித்து, பனியில், வெறுங்காலோடு கல்தரையில். ஐந்தாவது சுற்றில் பாதம் என்னுடையது மாதிரியே இல்லை. போதாததற்கு விடியற்காலையிலேயே சர்க்கரைப் பொங்கல். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா? வாங்கி, தொன்னையோடு கோபுர வாசல் பூக்காரர் துலுக்காணத்திடம் கொடுத்துவிட்டேன்.

"இன்னா டீச்சரம்மா, ரெண்டு நாளா எனக்கே குட்த்துக்கினு கீறீங்க. உங்களுக்கு வாணாமா?"

சர்க்கரை வியாதி என்றேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

"நான் இன்னாத்துக்கு சொல்லப் போறேன்" என்றார்.

23-12-1973

அரையாண்டு லீவு. கிருஷ்ணஸ்வாமி வரவில்லையாம். குழந்தைகளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாதாம். டில்லியில் இல்லாத குளிரா இங்கே? ரவா லாடுவுக்கு முந்திரி வறுத்துவிட்டேன், அது வேறு.

ஸ்கூல் இருந்தாலாவது எழுந்தாக வேண்டும். இப்போது யாருக்காக எழுந்திருப்பது? ஆறரை வரை போர்வைக்குள்ளேயே கிடந்தேன். பிறகு போய் ஆறு சுற்று.

26-12-1973

பட்டர் அகத்து ஸத்யபாமா மாமி எட்டாவது சுற்றில் கூடவே நடந்து வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோதை, நானும் பாத்துண்டே இருக்கேன். மார்கழியில, விடியக்காலம்பற, புளியங்கொட்டை வெச்சு எண்ணிண்டு. நேக்குத் தெரியாதா? வெக்கப்படாதே. நல்ல வரனா பெருமாளே கொண்டுவந்து விடுவார்."

கல்யாணத்துக்காம். எனக்காம். மடப்பள்ளியில் பேசி, தெருவில் பேசி, ஊரே முடிவு கட்டியாகிவிட்டது. இதுகளுக்கெல்லாம் வேற வேலையே கிடையாதா? நான் என்ன பாவாடை தாவணி போட்டுண்டு நோன்பு இருக்கிற பொண்ணா? துலுக்காணமாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதோ — நான்தான் சொல்லாதே என்றேன்.

கடைசிச் சுற்றை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டேன். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

27-12-1973

போகவில்லை.

1-1-1974

போகவில்லை. ஜலதோஷம் என்று சொல்லிக்கொண்டேன். யாரிடம் சொன்னேன்?

11-1-1974

கூடாரவல்லி. மாமி தூக்கு நிறைய அக்காரவடிசல் அனுப்பியிருந்தாள். மூன்று தடவை போட்டுக்கொண்டு தின்றேன். வீம்பு. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

சாயங்காலம் பயம் வந்துவிட்டது. ஸ்கூல் லாபிலிருந்து கொண்டுவந்த நீலத் திரவத்தில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுக் காய்ச்சினேன். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். செங்கல் நிறத்துக்குப் போயிற்று. சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். நான் மயங்கி விழுந்தால் மறுநாள் பால்காரன் வந்து கதவைத் தட்டும்வரை யாருக்கும் தெரியாது. அதுதான் உண்மை.

12-1-1974

போனேன். ஒன்பது. இந்தத் தடவை விரலில் எண்ணினேன். மாமி தூரத்திலிருந்தே சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

17-1-1974

மாமி வீட்டுக்கே வந்துவிட்டாள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் இரும்புக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராம். ஸம்பத்குமார் என்று பெயர். ஐம்பது வயது. மனைவி தவறி நாலு வருஷம். ஒரே பெண், கட்டிக் கொடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வருகிறாராம்.

"பெருமாள் காதுல விழுந்துடுத்து, பாத்தியா?"

நான் எதுவுமே கேட்கவில்லை, மாமி என்று சொல்லியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

20-1-1974, ஞாயிறு

பெரியபாளையம் வழியாக மூன்று பஸ் மாறி வந்தாராம். மாமி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசினோம். கம்பெனிப் பக்கத்திலேயே ஓர் அறை, தானே சமையல். லீவு நாளில் பேச ஆளில்லாமல் இரண்டு பேப்பரை வரி விடாமல் படிப்பாராம். "ரெண்டாவது பேப்பர்லயும் அதே நியூஸ்தான் இருக்கும். இருந்தாலும் படிப்பேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனை நாளாயிற்று. பிடித்திருந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது — பிடித்திருந்தது.

அதனால்தான் சொன்னேன். கோயிலைச் சுற்றியது நடைக்காக, எனக்குச் சர்க்கரை என்று.

காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அவ மூணு வருஷம் படுத்த படுக்கையா இருந்தா. நான்தான் எல்லாம் பாத்துண்டேன். இன்னொரு தடவை நேக்குத் தெம்பு இல்லே. நீங்க க்ஷமிக்கணும்."

அவர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

21-1-1974

"அதை ஏண்டி நேத்திக்கே சொல்லணும்?" என்று மாமி தலையில் அடித்துக்கொண்டாள். ஒன்பது சுற்றும் வேகமாக நடந்தேன். கண்ணில் தண்ணீர். பனி என்று நினைத்திருப்பார்கள்.

29-1-1974

ஒன்பது.

4-2-1974, திங்கள்

"நல்லாவே குறைஞ்சிருக்கு. ஊசி வேண்டாம். நடையை மட்டும் விட்டுடாதீங்க" என்றார் டாக்டர். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கோயில் வாசலில் துலுக்காணத்திடம் சொன்னேன். "அத்தான் டீச்சரம்மா, மூஞ்சியே தெளிஞ்சிக்கினு கீது" என்று அரை முழம் கூடுதலாகக் கிள்ளிக் கொடுத்தார்.

ஒன்பது சுற்று முடிந்தது. வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. பத்தாவது சுற்று டாக்டர் சொன்னதில்லை. மாமி மண்டபத்தில் பூக்கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரிலேயே நடந்தேன். எனக்கு ஒரு துணை வேண்டும் என்று பெருமாளிடம் வாய்விட்டுக் கேட்டேன்.