நோயாளியாக நடிக்க ஓர் ஆள்

மாமல்லபுரம்,
சனிக்கிழமை பகல்.

அன்புள்ள ஆனந்தனுக்கு,

வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இன்று அப்படித் தொடங்க முடியவில்லை. பயப்படாமல் படியுங்கள் என்று எழுதினால் அதுவே பயமுறுத்தும். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. நாளை கப்பலிலிருந்து நீங்கள் போன் செய்வதற்குள் இந்த மெயில் உங்களுக்குக் கிடைத்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாக எழுதுகிறேன். போனில் இதைச் சொல்ல வழியில்லை. உங்கள் போன் வந்தால் மாமாவுக்குக் கேட்கும்படி ஸ்பீக்கரில்தான் போட்டாக வேண்டும். உங்களுக்குத் தெரியாததா?

நாவலூர் கிளினிக்கை மூடியதும் எங்களைப் போன்ற பிசியோதெரபிஸ்டுகளுக்கு ஆன்லைனில் பயிற்சி தொடங்கியது, முடித்தால் செங்கல்பட்டில் கொரோனா வார்டில் வேலை என்று போன மெயிலில் எழுதியிருந்தேன். முதுகுவலியும் பக்கவாதமும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். மூச்சு வாங்குபவரை எப்படிக் குப்புறப் படுக்க வைப்பது, எப்போது பக்கம் மாற்றுவது, எப்போது அவரைத் தொடாமல் விட்டுவிடுவது என்று சொல்லித் தருகிறார்கள். தொட்டுக் கற்க வேண்டிய வேலையை லேப்டாப்பில் எப்படிக் கற்பது? அதனால் வீட்டிலுள்ள ஒருவரை நோயாளியாகப் படுக்கவைத்து, கேமரா முன்னால் செய்து காட்டச் சொன்னார் எங்கள் ஆசிரியை ரோகிணி மேடம்.

மற்றவர்கள் கணவனிடமும் தங்கையிடமும் கெஞ்சிக்கொண்டிருக்க, எனக்கு மாமா தானாகவே வந்து படுத்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவருக்கு ஊரடங்கில் வேறு என்ன பொழுதுபோக்கு? இருமுவார், முனகுவார், "ஐயோ, நெஞ்ச அட்ச்சிக்கினு கீதே" என்று கண்ணைச் செருகுவார். வகுப்பே சிரிக்கும். இவர் வந்து படுத்த பிறகுதான் மேடம் பாடத்தையே தொடங்குவார் என்ற அளவுக்குப் பெயர் வாங்கிவிட்டார்.

நேற்று காலையும் வந்து படுத்தார். மூச்சு வேகமாக ஏறி இறங்கியது. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை பேச்சு நின்றது. வார்டில் இப்படித்தான் இருப்பார்கள், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேடமே பாராட்டினார். நான்தான், ரொம்ப ஓவரா பண்றீங்க மாமா, கொஞ்சம் குறைச்சுக்கோங்க என்று அதட்டினேன். "சரிம்மா" என்று சிரித்தார், ஆனந்த். அந்த நிலையிலும் சிரித்தார்.

அடுத்து விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டிக் கேமராவில் காட்ட வேண்டும். எண்பத்தாறு என்று காட்டியது. கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அவர் விரலைத் துடைத்தேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். என் விரலில் வைத்தால் தொண்ணூற்றெட்டு. மறுபடியும் அவர் விரலில் வைத்தால் எண்பத்தைந்து. பிரபா, இது பயிற்சி இல்லை, உடனே அவரைத் திருப்பிப் போடு என்று மேடம் சத்தம் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அத்தனை நாள் விளையாட்டாகச் செய்து பழகியபடியே அவரைக் குப்புறத் திருப்பிப் போட்டேன்.

சில நாளாகவே காய்ச்சல் இருந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "சொன்னா நீ கிளாஸை வுட்டுட்டு எம் பின்னாடியே சுத்திகினு இருப்ப. பாதில வுட்டா சர்ட்டிபிகேட் தர மாட்டாங்கோ" என்கிறார். இந்த மனிதரை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

மேடம் பாடத்தை நிறுத்திவிட்டார். வகுப்பில் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்கள். செங்கல்பட்டில் படுக்கை இல்லை, திருப்போரூர் பக்கமும் இல்லை. ஓரிடத்தில் மட்டும் பெயரை எழுதிக்கொண்டு, காலியானால் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். இந்த நாட்களில் ஒரு படுக்கை எப்படிக் காலியாகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், போன் அடிக்காதா என்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்ன பிறவியோ நான்.

மூடிக்கிடக்கும் கிளினிக்கைத் திறந்து ஆக்சிஜன் இயந்திரம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். டாக்டர் வீடியோவில் பார்த்து மருந்து எழுதித் தந்தார். குப்புறப் படுத்தால் தொண்ணூற்றொன்று வரை ஏறுகிறது. எழுந்து பாத்ரூம் போய் வந்தால் பழையபடி இறங்கிவிடுகிறது. "இன்னாம்மா, கருவாட்டப் பொரட்டற மாதிரி பொரட்டிகினே கீற" என்று காலையில் கேலி செய்தார். அந்த ஒரு வாக்கியத்துக்கே மூச்சு இரைத்தது. ஈசிஆர் ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கி, "நமக்கா?" என்கிறார். இல்லை மாமா என்றால் மறுபடி குப்புறப் படுத்துக்கொள்கிறார்.

இன்றைய வகுப்பில் என் கேமராவை மூடிவைக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டி, "பாக்கட்டும்மா. நாலு பேரு கத்துக்கட்டும்" என்றார். இன்று யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் அழுதுகொண்டே குறிப்பு எடுத்தாள்.

எனக்கு ஒன்றும் இல்லை. டெஸ்ட் கொடுத்திருக்கிறேன், முடிவு வரவில்லை. காலையில் எழுந்ததும் காபித்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்க்கிறேன், வாசனை வருகிறது. என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். துறைமுகத்தில் இறங்க விடமாட்டார்கள் என்பதும் தெரியும். வாருங்கள் என்று நான் கேட்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளை போனை அவர் காதருகே வைப்பேன். இந்த மெயில் வந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். எப்படி இருக்கீங்கப்பா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால், நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொள்ள இருக்கிற மூச்சையெல்லாம் செலவழித்துப் பேசுவார். அவரை எதுவுமே கேட்காதீர்கள். லைன் அறுகிற வரைக்கும் நீங்களே பேசுங்கள். கப்பல் சாப்பாட்டைப் பற்றிப் பேசுங்கள், கேப்டனைத் திட்டுங்கள், எதுவானாலும் சரி. ஊருக்கு வந்து நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று அவருக்காக ஏதாவது வைத்திருந்தால், அதை நாளைக்கே சொல்லிவிடுங்கள். குரல் மட்டும் உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

உங்கள்
பிரபா