படுக்கவைத்து எடுத்த அளவு

மார்ச் 4

என் அன்பு அக்காவுக்கு,

ஆண்டவன் கருணையில் மூச்சு இருக்கிறது. உன் முழங்கால் வலி தேவலையா?

என் வீட்டுக்காரர், காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போக ஒரு வண்டி செய்கிறார். கண்ணீர்த்துளி வடிவம், உள்ளே படுக்கை மட்டும். அவருக்கு இடுப்புப் பிடிப்பு. அதனால் அளவெடுக்க என்னைப் பிளைவுட் மேல் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையிலிருந்து கால்வரை பென்சிலால் கோடு இழுத்தார்.

கூரைப் பலகையை வளைக்கும்போது, "மரத்தோட இழைக்குக் குறுக்கே வளைச்சாத்தாங்க இணங்கும்" என்றேன். நூலகப் புத்தகத்தில் படித்தது.

"எனக்கே பாடமா?" என்று இழையோட்டத்திலேயே அழுத்தினார். வெடிபோல முறிந்தது. முறிந்த துண்டாலேயே என் முகத்தில் அடித்தார். முன்பல் இரண்டு போயின. பொறுக்கிக் கழுவி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

உன் தங்கை


மார்ச் 11

தங்கச்சிக்கு,

படித்துவிட்டுச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் நீ ஏன் வாயைக் கொடுத்தாய்? வேலை கெட்டால் ஆம்பளைக்குக் கோபம் வரத்தான் செய்யும். வண்டி முடிந்ததும் நாலு ஊர் சுற்றிவிட்டு வாருங்கள், எல்லாம் சரியாகிவிடும். கொஞ்சம் பொறுத்துப் போடி.

அக்கா


ஏப்ரல் 19

அக்காவுக்கு,

இடக்கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

"நீதான் பெரிய மேதாவியாச்சே, நீயே பண்ணுடி" என்றார். பண்ணினேன். கூரைக்கு மெல்லிய பலகை இரண்டு எடுத்து, வெந்நீர்த் துணி சுற்றி, நாள் முழுக்க அங்குலம் அங்குலமாக வளைத்தேன். காய்ந்தபின் இரண்டுக்கும் நடுவே பசை தடவி, முப்பத்தாறு இடத்தில் கவ்வி போட்டு இறுக்கினேன். கதவுக்கு உள்தாழ்ப்பாளும் போட்டேன்.

ஞாயிறன்று அவர் உள்ளே போய்ப் படுத்தார். காலை நீட்ட முடியவில்லை.

"யார் அளவுடி இது?"

"நீங்க கோடு போட்ட அளவுதாங்க."

சுத்தியலை எடுத்தார். முதல் அடியில் என் வலது மணிக்கட்டு நொறுங்கியது. அடுத்தது விழுமுன் வண்டிக்குள் புகுந்து தாழ் போட்டுவிட்டேன்.

"வெளிய வாடி! இல்லேன்னா வண்டியோட வச்சுக் கொளுத்திடுவேன்!"

கூரைமேல் விழுந்த ஒவ்வோர் அடிக்கும் ஆண்டவன் பேரை ஒருமுறை சொன்னேன். அறுபத்திரண்டு. அறுபத்து மூன்றுக்கு வாய் திறந்து காத்திருந்தேன், வரவில்லை. கை ஓய்ந்து போய்விட்டார். கூரை குழிந்திருக்கிறது. முறியவில்லை, அக்கா.

மறுநாள் அவர் வேலைக்குப் போனபின் கைக்குக் கட்டுப் போட்டு வந்தேன். இரவில் வண்டிக்குள்தான் படுக்கை. மண்ணெண்ணெய் டின் வாங்கி வந்து வாசலிலேயே வைத்திருக்கிறார். நான் பஸ் ஏறிவிடலாம். இந்த வண்டியை விட்டுவிட்டு வரமாட்டேன். அத்தான் காரில் இழுவைக் கொக்கி இருக்கிறதே, வருவாயா? இந்த முறை பொறுக்கச் சொல்லாதே.

தங்கை


ஏப்ரல் 22

என் தங்கமே,

மார்ச்சில் நான் எழுதியதைக் கிழித்து அடுப்பில் போடு. அதை எழுதிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அத்தான், "குடும்ப விஷயத்துல நாம எதுக்கு?" என்றார். "அப்ப நீங்க வராதீங்க, சாவியைக் குடுங்க" என்று வாங்கிவிட்டேன்.

சனிக்கிழமை உன் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பியதும் வருவேன். நீ தாழ் போட்டுப் படுத்துக்கொள். யார் தட்டினாலும் திறக்காதே. நான் தட்டினாலும் திறக்காதே. அப்படியே கட்டி இழுத்து வந்துவிடுகிறேன். என் வாசலில் வந்து நீயாகத் திற.

பல் இரண்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்.

அக்கா