உங்கள் நரிவெங்காயமும் என் கையும்

மச்சாள்,

விரல் இடுக்கெல்லாம் அரிக்கிறது. இன்று காலையும் உங்கள் நரிவெங்காயத்தைக் கிண்டிப் பார்த்துவிட்டேன். தேங்காயெண்ணெய் பூசியும் அடங்கவில்லை. இது இந்தக் கிழமையில் மூன்றாம் தரம்.

என் தம்பியைக் கட்டி தர்மபுரத்துக்கு வந்தபோது, முல்லைத்தீவு மணல் காணியிலிருந்து ஆறு கிழங்குகளைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தீர்கள். கறிக்கு ஆகாது, நஞ்சு. சுட்டுக் கட்டினால் கால் ஆணி போகும் என்றீர்கள். எனக்குச் சிரிப்பு. யாழ்ப்பாணத்தில் சின்ன வெங்காயத்துக்கு முறை தவறாமல் இறைத்து வளர்ந்த கை என்னுடையது. கோடையில் இலை கருகியதும் வாளியோடு ஓடினேன்.

"மச்சாள், அது நித்திரை கொள்ளுது. தண்ணி விட்டா அழுகிப்போம். விடுங்கோ" என்று மறித்தீர்கள்.

விட்டேன், அரை மனதோடு. பிறகு ஒருநாள் ஓரிலைகூட இல்லாமல் வெறும் தண்டு எழும்பிப் பூத்தது. நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகும் இந்தக் கை அடங்கவில்லை. கஞ்சி, கோப்பி, தலையணை என்று அரை மணிக்கொரு தரம் உங்களை எழுப்பினேன். கடைசிப் பின்னேரம், "ஒண்டும் செய்ய வேண்டாம், பக்கத்தில வந்து இருங்கோ" என்றீர்கள். "வாறன்" என்றுவிட்டுக் கத்தரிக்குத் தண்ணீர் விடப் போனேன். திரும்பி வந்தபோது உறங்கியிருந்தீர்கள். மறுநாள் எழும்பவேயில்லை. கத்தரி ஒரு நாள் காய்ந்திருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? எனக்கு இன்னும் ஆறவில்லை மச்சாள்.

செத்தவீடு முடிந்து எல்லோரும் போனதும் வாளியை எடுத்தேன். உங்கள் கிழங்குகளுக்கு நாள்தோறும் ஊற்றினேன். அழக்கூடாது என்று ஊற்றினேன். ஐந்து அழுகிவிட்டன. மிஞ்சியது ஒன்று. அது உயிரோடு இருக்கிறதா என்று கிண்டிப் பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. பார்க்கப் பார்க்க அதன் வேரைத்தான் அறுக்கிறேன்.

இன்று அதைத் திரும்ப மூடிவிட்டு, சுற்றிவர ஈச்சமுள்ளு நட்டேன். தம்பி கண்டுவிட்டான்.

"உதுக்கு ஏனக்கா வேலி? ஆடு மாடு வாய் வைக்காதே."

"ஆட்டுக்கில்லையடா, எனக்கு."

அவன் குசினியிலிருந்து ஒரு கதிரையைக் கொண்டுவந்து முள்ளுக்கு இப்பால் வைத்துவிட்டுப் போனான். அது துளிர்க்கும் மழைக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது. அன்று உங்களுக்குத் தராத பின்னேரத்தை இப்போது அந்தக் கதிரையில் உட்கார்ந்து தரப் பார்க்கிறேன், மச்சாள். ஐந்து நிமிடத்துக்கு மேல் முடியவில்லை. நாளைக்கும் வந்து இருப்பேன்.