வண்டிக்கு அடியில் ஆயுத பூஜை

மச்சான்,

முந்தாநாள் காலை அந்த வாடை மறுபடியும் நம் கராஜுக்குள் வந்தது. சூடேறிய சைலன்சர் குழாயின்மேல் எஞ்சின் ஆயில் சொட்டிக் கருகுகிற வாடை. எந்த வண்டியிலும் வரக்கூடியதுதான். ஆனால் தலையைத் தூக்கிப் பார்த்தால் சந்துக்குள் நுழைந்து நின்றது அதே ஜாதி வண்டி. நீளமான பழைய ஜெர்மன் கார், நிறம் மட்டும் வேறு. அப்படி ஒரு வண்டிக்கு அடியில்தான் நீங்கள் போனீர்கள்.

ஓட்டி வந்தவர் ரிட்டயரான கல்லூரி வாத்தியார். வீட்டுப் போர்ட்டிகோவெல்லாம் எண்ணெய், மனைவி திட்டுகிறாள் என்று கன்னடத்தில் புலம்பினார். வேறு இடம் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டாள். நீங்கள் போன பிறகு உங்கள் பெண்டாட்டிதான் இந்தக் கராஜுக்கு முதலாளி. நான் பழையபடி அவளிடம் வசவு வாங்குகிற தம்பி.

"உள்ள நிறுத்தச் சொல்லுடா" என்றாள். "இந்த வண்டி வேண்டாம்னா நாளைக்கு எந்த வண்டிய வேணும்பே?"

சொல்லிவிட்டு அவளே போய் வண்டிக்கு இடம் ஒதுக்கினாள்.

கசிவு எங்கே என்று தேட அதிக நேரம் ஆகவில்லை. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில், கிராங்க் பின்பக்க ஆயில் சீல். அந்த ஒரு ரப்பர் வளையத்தை மாற்றுவதற்குக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். வண்டியைத் தூக்கி நாலு இரும்பு ஸ்டாண்டின்மேல் உட்கார வைத்தேன். ஒவ்வொரு ஸ்டாண்டையும் உதைத்துப் பார்த்தேன். திரும்ப வந்து மறுபடியும் உதைத்தேன். வாத்தியார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

நீங்களாக இருந்தால் சீலைத் தொடுவதற்கு முன்னால் எஞ்சினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்திருப்பீர்கள். எஞ்சினின் உள்காற்று வெளியேறும் மூச்சுக் குழாய் அடைத்திருக்கிறதா என்று திறந்த வாயின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பீர்கள். ஒருமுறை நான் சீல் கம்பெனிக்காரனைக் கண்டபடி ஏசியபோது சிரித்தீர்கள். "சீல என்னத்துக்குடா மாப்ள திட்டற? உள்ள மூச்சு முட்டுது, அதான் எண்ணெயை வெளிய தள்ளுது. அதப் பாக்கோணும் மொதல்ல." இந்த வண்டியிலும் அதுதான் கதை. மூச்சுக் குழாயில் கரி அடைத்துக் கல்லாக இருந்தது. சீலை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தால் மழைக்காலத்துக்குள் திரும்ப வந்திருக்கும்.

எல்லாவற்றிலும் உங்களுக்கு இந்த நிதானம் இருந்தது. புது சீலின் உதட்டில் விரலால் எண்ணெய் தடவிவிட்டுத்தான் ஏற்றுவீர்கள். சீலுக்குள் சுற்றுகிற தண்டில் பழைய சீல் தேய்த்த வரி இருந்தால் புதியதை மயிரிழை உள்ளே தள்ளி உட்கார வைப்பீர்கள். டீக்கடைக்காரர் கிளாஸை ஒழுங்காகக் கழுவவில்லை என்று தினமும் சண்டை. இவ்வளவு பார்க்கிற மனுஷனுக்கு அன்றைக்கு மட்டும் என்ன வந்தது? இப்போதும் உங்கள்மேல் எனக்குக் கோபம்தான். செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நீங்கள் போன அந்த ஆயுத பூஜையன்று சாமானையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினோம். ஸ்பேனர், சுத்தியல், பெரிய ஜாக்கி, நாலு ஸ்டாண்டு எல்லாவற்றுக்கும் குங்குமம், சாமந்திப் பூ. மறுநாள் பூஜை முடிகிறவரை எதையும் தொடக் கூடாது. சொந்த ஊரான ஹனூரில் உங்கள் அப்பா கலப்பைக்குச் செய்ததை இங்கே நகரத்தில், மண்டி மொஹல்லாச் சந்தில் நீங்கள் ஸ்பேனருக்குச் செய்தீர்கள். அதில் உங்களுக்கு விளையாட்டே கிடையாது.

நம்மிடம் வண்டி விடும் ஹோட்டல்காரர் தன் நீளமான ஜெர்மன் காரைப் பூஜைக்குக் கொண்டுவந்தார். வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. அப்போதுதான் அக்கா போட்ட கோலத்தின்மேல் கறுப்பாக ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று. குடும்பத்தோடு மடிகேரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் பதறிப்போனார். "ஸ்வல்ப நோடி சாமி, கொஞ்சம் பாருங்க, வழியில நின்னுட்டா என்ன பண்றது?"

நீங்கள் புது வேட்டியை மடித்துக் கட்டினீர்கள். ஸ்டாண்டை எடுத்து வருகிறேன் என்றேன்.

"பூஜைக்கு வெச்சதத் தொடாதடா."

"வெறும் ஜாக்கியில போகாதீங்க மச்சான். சந்து சரிவா இருக்கு."

"ரிப்பேரா பண்ணப் போறேன்? கையில ஒரு ஸ்பேனர் இல்ல பாரு. எட்டிப் பாத்துட்டு வந்தர்றேன்."

வண்டியின் டிக்கியில் அந்த வண்டியோடு வந்த சின்ன ஜாக்கி இருந்தது. அது நம் ஆயுதம் இல்லை, பூஜையிலும் இல்லை. அதை எடுத்தால் சாமிக்குக் குறை இல்லை என்று கணக்குப் போட்டீர்கள். இந்தக் கணக்கு உலகத்தில் வேறு யாருக்கும் வராது மச்சான். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றக் கொடுத்த ஜாக்கி அது. அடியில் ஆள் படுப்பதற்கு இல்லை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் இருந்தது, அண்டக் கொடுக்க ஒரு கல் இல்லை. நீங்கள் அடியில் நுழைந்தீர்கள், நான் கல் எடுக்கத் திரும்பினேன். அவ்வளவு நேரம்தான், ஜாக்கி சரிந்துவிட்டது.

சத்தம் பெரிதாக இல்லை. ஹோட்டல்காரரும் பக்கத்துக் கடைக்காரர்களும் வண்டியைக் கையால் தூக்கப் பார்த்தார்கள். அது அசையவில்லை. நான் ஓடிப்போய்ப் பூஜையிலிருந்த பெரிய ஜாக்கியை இழுத்து வந்தேன். விளக்கு கவிழ்ந்தது, தேங்காய் உருண்டது. பூ சுற்றிய கைப்பிடியை அடித்து அடித்து வண்டியைத் தூக்கினேன். உங்களை வெளியே இழுத்தபோது நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ஏதோ சொல்ல வந்தீர்கள், மூச்சு இல்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஆட்டோவில், என் மடியிலேயே எல்லாம் முடிந்தது.

சாவுக்கு வந்தவர்கள் நல்ல நாளில் போன புண்ணியவான் என்றார்கள். அவர்களை அடிக்கக் கை எழுந்தது. அக்கா அழவே இல்லை. கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "பூஜையில இருந்த ஜாக்கியத்தான அப்புறம் எடுத்தே?" ஆமாம் என்றேன். "அப்ப மட்டும் எடுக்கலாமா?" என்றாள். அது என்னைக் கேட்டதா, உங்களையா, சாமியையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு ஒருநாள் ஹோட்டல்காரர் வந்து சொன்னார். கசிந்தது சீல்கூட இல்லையாம். ஆயில் இறக்குகிற போல்ட்டில் காசு பெறாத ஒரு செம்பு வாஷர் நைந்துபோயிருந்ததாம். அவர் நிற்கும்போதே நான் உள்ளே போய்விட்டேன்.

இன்று ஆயுத பூஜை. வாத்தியாரின் வண்டி அப்படியே நிற்கிறது. கியர்பாக்ஸ் தரையில் கிடக்கிறது, புது சீல் இன்னும் ஏறவில்லை. சாமானையெல்லாம் கழுவி அடுக்கிவிட்டேன். ஸ்டாண்டுகள் மட்டும் வண்டிக்கு அடியில். பக்கத்துப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து, "வண்டியை இறக்கிட்டு அதையும் பூஜையில வெச்சிடுப்பா, ஒரு நாளைக்கு என்ன ஆயிடும்?" என்றார். வழக்கத்தைக் கைவிடவும் பயம், அந்த ஸ்டாண்டில் கை வைக்கவும் பயம்.

அக்கா தட்டோடு வந்தாள். வண்டியைப் பார்த்தாள். தட்டைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்தாள். அக்கா, வேண்டாம் என்று கத்தினேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வண்டியைச் சுற்றி மண்டியிட்டு மண்டியிட்டுப் போய், கையை மட்டும் உள்ளே நீட்டி, நாலு ஸ்டாண்டுக்கும் குங்குமம் வைத்துப் பூச் சுற்றினாள். கீழே எண்ணெய் இருந்ததால் கற்பூரத்தை மட்டும் தள்ளி நின்று காட்டினாள். முழங்காலெல்லாம் கறுப்பு.

"இது நிக்கற எடத்துலயே நிக்கட்டும்" என்றாள். "சாமிக்குப் பூஜை வேணும்னா இங்க வந்து வாங்கிக்கட்டும்."

பட்டறைக்காரர் தன் பட்டறைக்குப் போய்விட்டார். அக்கா கை கழுவப் போனாள். நான் வண்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சந்தில் அத்தனை பேர் இருந்தோம் மச்சான். இந்த ஒரு வார்த்தை ஒருத்தர் வாயிலும் வரவில்லை.