மெயின் தெருவை வரைந்தது யார்

மெர்டன், ஒஹாயோ
அக்டோபர் 21, 1986

அன்பு மகள் லினெட்டுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் பெரிய குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த போர்ட்லாண்ட் மழையில் சளி பிடிக்காமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்குத்தான் முழங்கால் வலி விட்டபாடில்லை, மாடிப்படி ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொள்கிறாள், டாக்டரிடம் போகலாம் என்றால் வெயில் வந்தால் சரியாகிவிடும் என்கிறாள், அக்டோபரில் எந்த வெயில் வரப்போகிறது. இந்தக் கடிதத்தை அவளுக்குக் காட்டாமல் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் பேசலாம்தான், ஆனால் வீட்டு மாடியில் இருக்கிற இன்னொரு போனை அவள் எடுத்துக் கேட்பாள், தவிர எனக்கும் வார்த்தை தடித்துவிடும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நம் மெயின் தெரு எப்படி இருக்கிறது என்று நீ போன தடவை வந்தபோதே பார்த்தாய். அதற்கப்புறம் ஹாட்லி துணிக்கடையும் மூடிவிட்டது, மூன்று மாடியிலும் இப்போது புறாக்கள்தான் குடித்தனம். நெடுஞ்சாலை ஓரத்து மால் வந்தது ஒரு காரணம் என்று எனக்கும் தெரியும், நான் ஒன்றும் குருடன் இல்லை. நேற்று மத்தியானம் முழுக்க இரண்டே பேர் கடைக்குள் வந்தார்கள், அதில் ஒருத்தி கழிவறை எங்கே என்று கேட்டாள். ஆனால் தெரு தானாகச் சாகிறதா, யாராவது கழுத்தை நெரிக்கிறார்களா என்பதுதான் என் கேள்வி. பஸ் நிற்கும் இடத்தைப் போன வருஷக் கோடையில் மாலுக்கு மாற்றினார்கள். நம் பக்கத்துத் தெருவிளக்குகள் அணைந்து கிடக்கின்றன, பல்ப் வரவில்லை வரவில்லை என்கிறார்கள், ஆனால் காருக்கு அபராதச் சீட்டு ஒட்டுகிறவன் மட்டும் மழையென்றும் பாராமல் நம் தெருவுக்கு வருகிறான். இப்படியே ஒரு வருஷம் போனால் யார் வந்து இந்த இடத்தைக் கேட்டாலும் சும்மா கொடுத்துவிடத் தோன்றும். அந்த நேரம் பார்த்துத்தான் ஹாலண்டர் வந்து சேர்ந்தான்.

கிரெய்க் ஹாலண்டர் என்று பேர், சிகாகோவில் கட்டட நிறுவனம் வைத்திருக்கிறான். மெயின் தெருவில் மூன்று வரிசைக் கட்டடங்களையும் இடித்துவிட்டு ஆற்றங்கரை வரைக்கும் ஒரு ஹோட்டல், மாநாட்டு மண்டபம், கார் நிறுத்த அடுக்கு மாடி எல்லாம் கட்டுவானாம். கடை கடையாகக் காரை நிறுத்தி வந்து கை கொடுத்தான். நம் ஷூக் கடைச் சுவரில் இருந்த உன் பட்டமளிப்புப் போட்டோவைப் பார்த்து அழகான பெண் என்றான், நான் நன்றி சொன்னேன். ஆளை நான் காலிலிருந்து பார்க்கிறவன், உனக்குத் தெரியும். அவன் போட்டிருந்தது விலை உயர்ந்த இத்தாலிய ஷூ, அடித்தோலில் கீறலே இல்லை. காரிலிருந்து கம்பளத்துக்கு, கம்பளத்திலிருந்து காருக்கு நடக்கிற கால் அது. நம் தெருவை எடுத்துக்கொள்ள வந்தவன் நம் தெருவில் நடக்கவே இல்லை.

பக்கத்துக் கடை அலோன்சோ டிப்ஸுக்கு என் அளவுக்குக் கோபம் வரவில்லை, அதில் எனக்கு அவர் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது, ரகசியமாக விற்கக் கையெழுத்துப் போட்டுவிட்டாரோ என்று. முடிவெட்டிக்கொள்கிற சாக்கில் போய் நாற்காலியில் உட்கார்ந்து மெல்லக் கிளறினேன். டிப்ஸ் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, “யோவ் வெர்னன், என் கையில கத்தரி இருக்கறப்ப என்னையே வேவு பாக்க வந்தியா? காது ரெண்டும் வேணுமா வேணாமா?” என்றார். அப்புறம் அவரே சொன்னார், “நான் எதுக்குய்யா குதிக்கணும்? இந்தப் படத்த நான் அறுபத்திநாலுலயே பாத்தாச்சு. எங்க வடக்குத் தெருவ இடிக்கறப்பவும் இதே மாதிரி கலர் படம்தான் கொண்டாந்தாங்க. புள்ளைங்க பலூன் புடிச்சிட்டு ஓடுறமாதிரி. புதுசா கட்டுற கடையில உங்களுக்குத்தான் மொத எடம்னாங்க. இப்ப அங்க போய்ப் பாரு, எங்கப்பா கடை இருந்த எடத்துல கார் நிறுத்தக் கோடு போட்டிருக்கான். அந்தக் கோட்டுல நிக்க ஒரு காரும் கிடையாது.” எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

போன வியாழக்கிழமை சாயங்காலம் கவுன்சில் பொதுக்கூட்டம் வைத்தது. மண்டபம் நிறைந்து வாசல்வரை ஆட்கள் நின்றார்கள், ஹாலண்டர் செலவில் எல்லோருக்கும் டோனட், நான் தொடவில்லை, உன் அம்மா இரண்டு எடுத்துக்கொண்டாள். மேடையில் வரப்போகிற ஹோட்டலின் பெரிய வண்ணப் படத்தை நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் என் பக்கம்தான் என்று நினைத்துப் போனேன், அது தப்பு. வார்ப்பு ஆலையில் வேலை போன ஒரு பையன் எழுந்து, “நீங்க எல்லாம் பழைய தெரு பழைய தெருன்றீங்க, எனக்கு ரெண்டு வருஷமா சம்பளம் இல்ல. அவரு இடிக்கட்டும் கட்டட்டும், அந்த ரெண்டுலயும் எனக்குக் கூலி உண்டு” என்றான். பின்னாலிருந்து ஒரு இளம்பெண், “எங்க வயசுக்காரங்களுக்கு இந்தத் தெருவுல என்ன சார் இருக்கு? ஷூவும் முடிவெட்டும்தானே?” என்று கேட்க எல்லோரும் சிரித்தார்கள். நானும்கூட.

அப்புறம் என் முறை வந்தது. நான் நன்றாகவே பேசினேன் லினெட், அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். விளக்கைப் பற்றிக் கேட்டேன், பஸ்ஸைப் பற்றிக் கேட்டேன், வடக்குத் தெருவுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆனது என்று கேட்டேன், அப்போது டிப்ஸ் முதல் ஆளாகக் கை தட்டினார். அந்தத் தட்டலில் எனக்குச் சூடு ஏறிவிட்டது. படத்தைக் கை காட்டி, ஆற்றங்கரையில் வெட்டவெளியில் மேசை போட்டிருக்கிறானே, ஜனவரிக் காற்று அங்கே எப்படி அடிக்கும் என்று இவனுக்குத் தெரியுமா, இதை வரைந்தவன் இந்த ஊர் மண்ணில் ஒரு நாளாவது கால் வைத்திருப்பானா என்று கத்தினேன். மண்டபமே எழுந்து தட்டியது. ஹாலண்டர் அவசரப்படவில்லை. சத்தம் அடங்கும்வரை காத்திருந்தான். பிறகு மைக்கில் மெதுவாக, “மிஸ்டர் பாலிக், இத வரைஞ்சவங்க இதே தெருவுல வளந்தவங்க. உங்க கடை மாடியிலதான் உக்காந்து பள்ளிக்கூடப் பாடம் எழுதுனாங்களாம். அவங்க பேரும் பாலிக்தாங்க” என்றான்.

யாரோ பின்னால் சிரித்தார்கள், யாரோ அவரை அடக்கினார்கள். நான் உன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள், அந்தப் பையில் தேட அப்படி என்ன இருக்கிறது. மைக் இன்னும் என் கையில் இருந்தது. “அப்ப அந்தக் காத்து அவளுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கணுமே” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் உன் அம்மா ஒத்துக்கொண்டாள். ஜூன் மாதத்திலிருந்தே அவளுக்குத் தெரியுமாம், நீயே நேரில் வந்து சொல்கிறேன் என்றாயாம். “வேற எவனோ வரையறதுக்கு, தெருவத் தெரிஞ்ச நான் வரையறேன்னு சொன்னா அவ. அதுல என்ன தப்பு?” என்றாள். நான் சாலையையே பார்த்து ஓட்டியதில் அவளுக்குக் கோபம் வந்தது. “நீங்க ஊரெல்லாம் சந்தேகப்படுவீங்க, என் முழங்கால மட்டும் பாக்க மாட்டீங்க. அந்தக் கடைய நீங்களா மூடப் போறதில்ல. யாராவது வந்து மூடினா நான் அவங்களுக்குக் கேக் செஞ்சு கொடுப்பேன்” என்று சொல்லி அழுதாள். அவள் இவ்வளவு நாளாக இதை மனதில் வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. விளக்கையும் பஸ்ஸையும் கணக்கு வைத்துக்கொண்டிருந்தவனுக்கு இது தெரியவில்லை பார்.

இப்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். நீ மறைத்தது எனக்கு வலிக்கிறது, ஆனால் அது நமக்குள் தீர்ந்துவிடும். என்னைத் தூங்கவிடாமல் செய்வது வேறு. அந்தப் பதிலை அவன் அங்கே யோசித்துச் சொல்லவில்லை, சட்டைப் பையில் தயாராக வைத்துக்கொண்டு வந்திருந்தான். நான் எழுந்து கத்துவேன் என்று அவனுக்குத் தெரியும், எப்போது கத்துவேன் என்றும் தெரியும். சிகாகோக்காரன் ஒருவன் ஒஹாயோத் தெருவை வரைய, அத்தனை கட்டடக்கலை அலுவலகங்களைத் தாண்டி, போர்ட்லாண்டில் வேலை செய்கிற உன்னை ஏன் தேடி வந்தான்? நம் கடையில் உன் போட்டோவைப் பார்த்தானே, அது இந்த மார்ச்சில். உனக்கு இந்தப் படத்து வேலை வந்தது எப்போது? உன் திறமைக்காக உன்னை எடுத்திருந்தால் எனக்கு அதைவிடப் பெருமை இல்லை. என் வாயை அடைக்க உன்னை எடுத்திருந்தால், என்னை விடு, உன்னை அவன் என்னவென்று நினைத்திருக்கிறான்? இதை நீ அவனிடம் நேராகக் கேள். பதில் சொல்லும்போது முகத்தைப் பார்க்காதே, முகத்தை அவன் நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறான், கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்.

ஓட்டெடுப்பை நான்குக்கு மூன்று என்று தள்ளிவைத்திருக்கிறார்கள், தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் கூட்டம். அதுவரை படம் நூலகத்தில் இருக்கும் என்றார்கள், சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுத் தனியாகப் போய்ப் பார்த்தேன். நல்ல கை உனக்கு. அந்த மேசைகளைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் காற்றுக்கு மறைப்பாக நீ ஒரு சுவர் எழுப்பியிருக்கிறாய், தூரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன், கூட்டத்திலும் சொல்வேன். நம் கடை இருக்கிற இடத்தில் ஒரு நீரூற்று, அதன் ஓரம் ஒரு பெஞ்சு, அதில் தொப்பி வைத்த ஒரு கிழவன் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மூக்கையும் தோள் குனிவையும் பார்த்தால் அது நான்தான். அன்பாகத்தான் வரைந்திருப்பாய். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் லினெட். எனக்கு இன்னும் உட்காரத் தோன்றவில்லை.

பண்டிகைக்கு வரும்போது செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கும் சேர்த்து விடுப்பு வாங்கிக்கொண்டு வா. ஹாலண்டர் உன் பேரைச் சொல்ல விடாதே, நீயே எழுந்து நின்று உன் வாயால் இந்தப் படம் ஏன் நல்லது என்று டிப்ஸின் முகத்தைப் பார்த்துச் சொல். நான் குறுக்கே பேச மாட்டேன், முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். கேட்டுவிட்டு எதிர்த்துத்தான் பேசுவேன், அதற்காக நீ அழக் கூடாது, நானும் அழ மாட்டேன். பிறகு மூவரும் வீட்டுக்கு வந்து சூடாகச் சூப் குடிக்கலாம்.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், உன் கைக்கு நல்ல வேலைகள் வந்து சேரட்டும். காரின் பிரேக்கைப் பார்க்கச் சொன்னேனே, பார்த்தாயா? அம்மாவை டாக்டரிடம் வரும் திங்கட்கிழமை கூட்டிப்போகிறேன், அன்றைக்குக் கடையை மூடிவிடுவேன், இதை அவளிடம் சொல்லாதே, நானே சொல்கிறேன்.

உன்னோடு வாதாட இன்னும் தெம்புள்ள,
அப்பா
வெர்னன் பாலிக்