கதவைச் சாத்திய காரணம்

17-2-2010, புதன்

இன்று மாட்டிக்கொண்டிருப்பேன். சாம்பல் புதன் என்பதால் விடிந்ததும் பூசைக்குப் போனேன். சாமியார் நெற்றியில் பூசிய சாம்பலை வழியிலேயே துடைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தவள், பால் பாக்கெட் வாங்கும் அவசரத்தில் மறந்துவிட்டேன். கதவைத் திறந்தது அத்தை. நெற்றியையே பார்த்தார். 

"துன்னூறு வச்சா ஒனக்கு நல்லாத்தான் இருக்குது" என்றார். பாலை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சிதம்பரத்தில் நெற்றியில் சாம்பலோடு நடந்தால் திருநீறு என்றுதானே நினைப்பார்கள், யாருக்குச் சந்தேகம் வரும்? குளியலறையில் நின்று சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. மூன்று மாதமாக ஆரோக்கிய அனிதாவில் பாதியை வெட்டிவிட்டு வெறும் அனிதாவாக இந்த அண்ணாமலை நகர் யுனிவர்சிட்டி குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். ரெஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்ட அன்றே அன்பரசு சொல்லிவிட்டார்: "அம்மாவுக்கு இப்ப தெரிய வேணாம். கொஞ்ச நாள் போவட்டும், நானே சொல்றேன்." அவருடைய அண்ணன் பழனிவேல் வேற்றுச் சாதியில் கட்டிக்கொண்டு கடலூரில் இருக்கிறார். எட்டு வருஷமாக அத்தை அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. வேற்று மதம் என்று தெரிந்தால் மறுநாளே சொந்த ஊரான அண்ணாகிராமத்துக்குப் பஸ் ஏறிவிடுவார், திரும்பவே மாட்டார் என்று இவருக்குப் பயம்.

எனக்கும் அதே பயம்தான். அது ஏன் என்று எனக்கே புரியவில்லை. பழகி மூன்று மாதமே ஆன ஒரு அம்மாள் மேல் இவ்வளவு ஆசை எப்படி வந்தது?

21-2-2010, ஞாயிறு

"கோயிலுக்குப் போய்ட்டு வரேன் அத்தே, பூசைக்கு நேரமாச்சு." இதில் ஒரு பொய்யும் இல்லை. கோயில் என்றால் கோயில்தான், பூசை என்றால் பூசைதான். இப்படியே என்னை நானே சமாதானம் செய்துகொண்டு எத்தனை நாள் ஓட்டுவது?

4-3-2010, வியாழன்

வேலை கிடைத்துவிட்டது. தில்லைநாதன் சார் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். தபாலில் எம்.ஏ. படிப்பவர்களுக்காக ஜப்பான் வரலாற்றின் திருப்பங்களைப் பன்னிரண்டு பாடமாக இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறார். அதைத் தமிழில் எழுதித் தர வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம்.

முதல் பாடத்தில் ஹிமிகோ என்று ஒரு ராணி. ஆயிரத்தெழுநூறு வருஷத்துக்கு முந்தியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோட்டைக்குள்ளேயே இருப்பாள், முகத்தை யாரும் பார்த்ததில்லை. தம்பிதான் நாட்டைக் கவனித்துக்கொண்டான். அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொன்னேன். ராணி செத்த பிறகு ஒரு ஆம்பிளை ராஜாவானான், ஊரெல்லாம் வெட்டுக்குத்து, கடைசியில் பதின்மூன்று வயசுப் பெண் ஒருத்தியை உட்கார வைத்த பிறகுதான் அடங்கியது என்றேன்.

"அப்புறம் ஏன் மொதல்லியே வைக்கல?" என்றார்.

இந்தக் கேள்வியைப் பாடத்தின் கடைசியில் சேர்க்கலாமா என்று சாரிடம் கேட்க வேண்டும்.

2-6-2010, புதன்

அத்தைக்கு ஜப்பான் பைத்தியம் பிடித்துவிட்டது. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் "இன்னிக்கி என்னா ராசா?" என்று வந்து உட்கார்ந்துவிடுகிறார். தலைநகரை நாராவிலிருந்து கியோத்தோவுக்கு மாற்றியபோது, வீட்டு சாமான் மாற்றுவதே நமக்குப் பெரும்பாடு, அவனுக்கு எத்தனை வண்டி ஆகியிருக்கும் என்று கவலைப்பட்டார். மங்கோலியர் கப்பல்களைப் புயல் கவிழ்த்த அன்று கைதட்டினார்.

சாயங்காலம் தில்லைநாதன் சார் போன் செய்தார். அங்கே பிரதமர் ராஜினாமாவாம், கடைசிப் பாடத்தைத் திருத்த வேண்டுமாம். நாலு வருஷத்துக்குள் போகிற நாலாவது ஆள். அத்தையிடம் சொன்னால், "ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க மாட்டன்றானே" என்று சொல்வார் என்று பார்த்தேன். அவர் சொன்னது வேறு: "நம்ம தெரு குழாய்க்குப் போடற வாசர்கூட அதவிட ஜாஸ்தி நாளு இருக்குது."

9-8-2010, திங்கள்

ஆறாம் பாடம். மூன்று நாளாக நாலு பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

தொகுகாவா குடும்பம் ஆட்சிக்கு வந்து நாட்டின் கதவைச் சாத்துகிற பாடம். 1614-ல் கிறிஸ்தவர்களுக்குத் தடை. பிறகு மாதா படத்தைத் தரையில் வைத்து ஊர் சனத்தை ஒவ்வொருவராக மிதிக்கச் சொல்கிறார்கள். மிதிக்காதவர்களுக்குச் சிறை, சித்திரவதை. பலர் மிதித்தார்கள். வீட்டுக்குப் போய் அழுது மன்னிப்புக் கேட்டார்கள். கன்னோன் என்ற அவர்கள் ஊர்த் தெய்வத்தின் சிலையை வைத்துக்கொண்டு, அதையே மாதாவாக நினைத்துக் கும்பிட்டார்கள். ஒரு சாமியார்கூட இல்லாமல் ஏழு தலைமுறை.

1865 மார்ச்சில், நாகசாகியில் வெளிநாட்டுக்காரர்கள் புதிதாகக் கட்டிய கோயிலுக்குப் பத்துப் பதினைந்து பேர் வருகிறார்கள். ஒரு பெண் சாமியார் பக்கத்தில் போய் மெல்லச் சொல்கிறாள்: எங்கள் மனசும் உங்கள் மனசும் ஒன்றுதான். சொல்லிவிட்டு, மாதா சிலை எங்கே என்று கேட்கிறாள்.

எழுதும்போது கை ஓடவில்லை. நான் யாருக்குப் பயந்து செபமாலையை உளுந்து டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன்? என்னை யாரும் மிதிக்கச் சொல்லவில்லையே. யாரும் அடிக்கப்போவதும் இல்லை. ஒரே ஒரு அம்மா எழுந்து பஸ் ஏறிப் போயிடுவாங்களேன்னுதான்... அது மட்டுந்தான்.

10-8-2010, செவ்வாய்

"இன்னிக்கி என்னா ராசா?"

கதவைச் சாத்திய ராஜா என்றேன். வெளிநாட்டுக்காரர்கள் தொந்தரவு ஜாஸ்தி, அதனால் சாத்திவிட்டான் என்று முடித்துவிட்டு ஏழாம் பாடத்துக்குத் தாவினேன்.  அத்தை காபி போட எழுந்து போய்விட்டார்.

19-9-2010, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் உளுந்து டப்பா கழுவிக் கவிழ்த்திருக்கிறது. எனக்கு உயிரே போய்விட்டது. டப்பாவில் வண்டு வந்துவிட்டதாம், உளுந்தை வேறு டப்பாவுக்கு மாற்றிவிட்டாராம். அத்தை குளிக்கப் போனதும் அந்த டப்பாவைத் திறந்து கையைவிட்டுப் பார்த்தேன். அடியில் செபமாலை பத்திரமாக இருக்கிறது. பார்க்காமல் அப்படியே கவிழ்த்திருப்பார் போலிருக்கிறது. மாதாவே, நன்றி.

14-11-2010, ஞாயிறு

கறுப்புக் கப்பல்கள் வந்துவிட்டன. 1853. கரி பூசிய கப்பல், புகைபோக்கி, பீரங்கி. சாத்திய கதவை அமெரிக்காக்காரன் வந்து தட்டுகிறான். அத்தை பாதியில் நிறுத்தினார்.

"கதவ ஏன் சாத்துனான்னு நீ சொல்லவே இல்லியே?"

சொன்னேனே அத்தே, தொந்தரவு என்று.

"தொந்தரவுன்னா என்னா தொந்தரவு? எரநூறு வருசம் சாத்தி வைக்கணும்னா சும்மா சாத்துவானா? நீ அந்தப் பக்கத்த முழுங்கிட்ட."

பாடத்தில் அவ்வளவுதான் இருக்கிறது என்றேன். இத்தனை நாளில் நான் அவரிடம் சொன்ன முதல் அப்பட்டமான பொய் அது. பொய் சொன்னது ஜப்பானைப் பற்றி என்பதுதான் வேடிக்கை.

15-11-2010

அன்பரசுவிடம் சண்டை. நீங்க சொல்றீங்களா நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். யுனிவர்சிட்டி லேபில் ஆய்வு நடக்கிறது, முடியட்டும் என்கிறார். வருஷம் முழுக்க அந்த லேபில் ஏதாவது ஒரு ஆய்வு நடக்கும்.

25-12-2010, சனி

அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடலூர் போனேன். அதுவும் பொய்யில்லை. கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ரெஜிஸ்டர் கல்யாணம் என்பதால் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க எழுந்து போக முடியாது. எல்லோரும் வரிசையில் போகும்போது நான் மட்டும் கால்களை ஒதுக்கி வழிவிட்டேன். அப்பா என்னைத் தாண்டித்தான் போனார், தாண்டித்தான் வந்தார். ஒரு வார்த்தை இல்லை. வீட்டில் ஆரோக்கியம் இல்லாத அனிதா, கோயிலில் நன்மை இல்லாத அனிதா.

கிளம்பும்போது அம்மா கேக்கை டிபன் பாக்ஸில் வைத்துக் கொடுத்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை இரண்டு துண்டு சாப்பிட்டார். "அடுத்த வருசமும் ஒங்கம்மாவ இத செய்யச் சொல்லு" என்றார்.

9-3-2011, புதன்

 தூங்குவதற்குள் எழுதியே தீர வேண்டும்.

இன்று மறுபடி சாம்பல் புதன். இந்த முறை தெருமுனையிலேயே ஞாபகம் வந்தது. துடைக்கக் கையைத் தூக்கினேன். அந்தப் படம் நினைவுக்கு வந்தது, தரையில் வைத்தது. கை இறங்கிவிட்டது. அப்படியே வந்தேன். வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"அத்தே, இது துன்னூறு இல்ல. நாங்க கிறிஸ்டியன். எம்பேரு ஆரோக்கிய அனிதா."

அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தார். தண்ணீரை வடித்துவிட்டு, பானையை அடுப்பில் ஏற்றிவிட்டுத்தான் திரும்பினார்.

"தெரியும். நீ வந்த மறுநாளே குக்கர் விசிலடிச்சதுக்கு சேசுவேன்னு கத்துனியே."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன்.

"ஒளுந்து டப்பாவுல இருந்த மணிய யாரு தொடச்சி வச்சான்னு நெனச்ச? நாயித்துக்கெழம மட்டும் பூச நடக்கற கோயிலு எந்தக் கோயிலுன்னு எனக்குத் தெரியாதா?"

தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்று நான்தான் கேட்டேன்.  நீங்கள் பழனிவேல் மச்சான் வீட்டுக்குப் போகாத மாதிரி இங்கேயும் விட்டுப் போய்விடுவீர்கள் என்று பயந்தோம், அவர் சாதி மாறிக் கட்டினதற்கே எட்டு வருஷம் ஒன்பது வருஷம் என்று ஏதேதோ சொன்னேன். அத்தை என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"சாதிக்குன்னு யாரு சொன்னா? அவன் ஒரு வருசம் குடும்பம் நடத்திட்டு, மூணாவது ஆளு சொல்லி எனக்குத் தெரியுது. பெத்தவளுக்குச் சொல்ல வாயி வரல அவனுக்கு. அதாம்மா காரணம். மறைச்சான். அதுக்குத்தான் சாத்துனேன். ஊரு சாதின்னு பேசுச்சு, நானும் பேசிட்டுப் போவட்டும்னு வுட்டுட்டேன்." என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீயாச்சும் சொல்லுவன்னு ஒக்காந்திருந்தேன். தெனமும் ராசா கதையா சொல்ற, ஒங்கதைய சொல்ல மாட்டன்ற."

மடியில் படுத்து அழுதேன். சோறு பொங்கி வழிந்தது, இரண்டு பேருமே எழுந்து போகவில்லை. பிறகு ஆறாம் பாடத்தை முழுசாகச் சொன்னேன். மிதித்தவர்கள், மிதிக்காதவர்கள், கன்னோன், நாகசாகி, எல்லாம். கேட்டுவிட்டு, "இப்பதான் அது சரியாருக்குது" என்றார்.

நெற்றியைத் துடைக்கப் போனேன். விடவில்லை.

"சாயங்காலம் அவன் வந்து பாக்கட்டும்."

அன்பரசு வந்தார், பார்த்தார். வாங்கிக் கட்டிக்கொண்டார். அதை எழுத ஒரு தனி நோட்டு வேண்டும்.

11-3-2011, வெள்ளி

ஜப்பானில் சுனாமி. டி.வி.யை அணைக்க முடியவில்லை. கார்களும் வீடுகளும் வயலில் மிதந்து போகின்றன. அத்தை தரையில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பார்த்தார். கடலூரில் சுனாமி வந்த அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை நான் பூசையில் இருந்தேன், வெளியே வந்தால் தேவனாம்பட்டினம் பக்கமிருந்து சனம் ஓடி வருகிறது. அதை இன்றுதான் அத்தையிடம் சொன்னேன்.

"அந்த சனத்துக்குன்னே பாரு. புயலு, குண்டு, இப்ப இது. நமக்குத் தெரிஞ்ச சனமாச்சே" என்றார். உறவுக்காரர் வீட்டில் எழவு விழுந்த மாதிரி ராத்திரி சாப்பிடவில்லை.

20-3-2011, ஞாயிறு

"ஒங்க கோயில்ல மெழுவத்தி ஏத்துவாங்களே, அந்த சனத்துக்கு ஒண்ணு ஏத்தணும். சுனாமி வந்த ஊருலியே ஏத்துவோம்" என்றார் அத்தை. மூன்று பேரும் முதல் பஸ்ஸில் கடலூர் போனோம். அம்மா வாசலில் காத்திருந்து அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அப்பா முதல் பூசைக்கே வந்துவிட்டுப் போய்விட்டாராம். போகட்டும்.

பூசை முழுக்க அத்தை என் பக்கத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் எழுந்தபோது எழுந்தார், முழந்தாளிட்டபோது முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முடிந்து கூட்டம் கலைந்தது. கையில் மெழுகுவத்தியோடு என் காதருகில் குனிந்தார். ஆறாம் பாடத்தை நினைத்துச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். புது இடத்தில் வழி தெரியாமல்தான் கேட்டார்.

"மாதா செல எங்கம்மா இருக்குது?"

 கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன்.

2-4-2011

தில்லைநாதன் சார் அச்சுக்கு முன் கடைசியாகப் பார்க்க அனுப்பினார். முதல் பக்கத்தில் "தமிழாக்கம்: அனிதா". பேனாவை எடுத்து, வெட்டிய பாதியை முன்னால் சேர்த்தேன்.

24-4-2011, ஞாயிறு

ஈஸ்டர். அலாரம் அடிக்கவில்லை. அத்தைதான் எழுப்பினார்: "எழுந்திரு, பூசைக்கு நேரமாவுது."

கூடத்தில் அண்ணாகிராமத்திலிருந்து வந்த பலாப்பழம் சாக்கில் கட்டித் தயாராக இருக்கிறது. பூசை முடிந்ததும் அப்படியே கடலூரில் பழனிவேல் வீட்டுக்குப் போகலாமாம், பிள்ளைகள் இரண்டும் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று பார்க்க வேண்டுமாம். அன்பரசு பயந்துபோய், நான் முன்னால் போய்க் கதவைத் தட்டிச் சொல்லி வைக்கட்டுமா என்று கேட்டார்.

"வேணாம். சாத்துனது நாந்தான, நானே தட்டறேன்" என்றார் அத்தை.