முப்பத்தேழாவது வளைவு

நவ. 11, செவ்வாய்
காலையிலிருந்து பனிமூட்டம். மலைச்சாலைக் கண்காணிப்பு அறை. பன்னிரண்டு திரை, பன்னிரண்டிலும் வெறும் வெள்ளை.
என் கருவியை மேசையில் பொருத்தியாயிற்று. திரை பார்ப்பவர் கண் மூன்று விநாடி மூடினால் குருவிபோல் கூவும். திரை பார்க்கும் பாப்பாத்தியின் (இந்த மலையின் குண்டூர் நாட்டுக்காரி, வயது முப்பது இருக்கும்) பணிமுறையில் முப்பத்தொரு கூவல்.
மேலாளர்: "நான் சொல்லலீங்களா மேடம்? தூங்கற ஆளு. உங்க அறிக்கை வந்ததும் வேலைய விட்டு அனுப்பிடலாம்."
பாப்பாத்தி: "தூங்கறவ சன்னலத் தொறந்து வெச்சு இந்தக் குளுர்ல தூங்குவாளாங்க?"
தைலம் வாங்க வேண்டும். முழங்கால்.

நவ. 12, புதன்
திரை பார்க்கும் மற்ற இருவர் முறையில் கூவலே இல்லை. விழித்தபடி வெள்ளையைப் பார்த்தார்கள். "இப்போது எந்த வண்டி எங்கே?" என்றேன். தெரியவில்லை.
பா.விடம் அதே கேள்வி. கண்ணைத் திறக்காமல்: "பஸ்ஸு இருவத்தாறுல திரும்புதுங்க. மேல மரவள்ளி லாரி எறங்குது."
பனியில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பார்கள். சன்னல் வழியே அதைக் கேட்டு எண்ணுகிறாள். நம்பவில்லை. ஓட்டுநர்களிடம் பிறகு விசாரித்தேன். ஆறில் ஐந்து சரி. ஒரு வேனை ஜீப் என்றுவிட்டாள். "சொல்லாம கொள்ளாம ஆரன மாத்திப்போட்டான் பாருங்க!"
என் கருவிக்குக் கண் மட்டும்தான் தெரியும்.

நவ. 13, வியாழன்
காலை 9.20. பா. கண்ணை மூடினாள். கூவல்.
"மேடம், அந்தக் குருவிய நிறுத்துங்க. காது கேக்கல."
நிறுத்தினேன்.
"லாரி முப்பத்தெட்டுல ஆரன் அடிச்சான். முப்பத்தேழுல அடிக்கலீங்க."
ஒரு நிமிடம். ஹாரன் இல்லை. ஏறிவரும் பேருந்தின் நடத்துநருக்குப் போன் போட்டாள். "அண்ணா, முப்பத்தஞ்சுலயே நில்லுங்க."
"ஏங்கண்ணு, என்ன தெரியுது?"
"ஒன்னும் தெரியலீங்ண்ணா. அதான் நிக்கச் சொல்றேன்."
லாரி முப்பத்தேழில் பிரேக் பிடிக்காமல் சுவரில் மோதி, சாலைக்குக் குறுக்கே. ஓட்டுநருக்குக் கையில் சிராய்ப்பு. முப்பத்தைந்தில் நின்ற பேருந்தில் ஏறத்தாழ நாற்பது பேர்.
மதியம் சாப்பிட முடியவில்லை. அவள் இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்டாள்.

நவ. 14, வெள்ளி
அறிக்கை கொடுத்தாயிற்று. பா. வேலையில் தொடர வேண்டும். சன்னல் திறந்தே இருக்கட்டும். கம்பளி ஒன்று. பனி நாட்களில் மற்ற இருவரும் அவளோடு உட்கார்ந்து பழக வேண்டும். கருவி வேண்டாம்.
மேலாளர் இரண்டு தரம் படித்தார். "கம்பளி வாங்கிடலாங்க மேடம்" என்றார்.
கருவியைப் பெட்டியில் வைக்கும்போது பா.: "கோவிச்சுக்காதீங்க மேடம். நல்ல குருவிதான்."
பேருந்தில் மலை இறங்கும்போது கண்ணை மூடி ஹாரனை எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டாவதில் எண்ணிக்கை தவறிவிட்டது.